கணக்கில் சேராத இரண்டு வீடுகள்

குப்பண்ணன் வீட்டுக் கட்டுத்தறியில் கன்று இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றிக் கயிறு தீர்ந்ததும் சுவரில் நெற்றியை வைத்து அழுத்தியது. கயிற்றைப் பிரித்து விட்டால் மறுபடியும் சுற்றியது. வாயோரம் நுரை. பல்லை நறநறவென்று கடித்தது. காது மட்டும் தனியாகத் துடித்தது. சோலை அதன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தான். இமைக்கவில்லை.

பாலக்காட்டு எல்லையில், மீனாட்சிபுரத்துக்கு வெளியே வாய்க்கால் ஓரமாக இருந்த அந்தச் சாளையில், தோட்டத்துக் குடியிருப்பில், மொத்தம் பதினாலு வீடு. பத்து நாளில் இது ஆறாவது கன்று. மூன்று செத்துவிட்டன.

சோலை டாக்டர் அல்ல. கால்நடைக் கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவன். கலப்பினப் பசுக்கள் எவ்வளவு கறக்கின்றன என்று கணக்கெடுக்க எழுபத்து நாலாம் வருஷம் தை மாதக் கடைசியில் இங்கே வந்தான். பால் சொசைட்டித் தலைவர் குப்பண்ணன் தன் வீட்டிலேயே ஒரு அறை கொடுத்தார். மிருகாஸ்பத்திரி டாக்டர் லீவில் போயிருந்ததால், ஊர் அவனையே டாக்டர் என்று எடுத்துக்கொண்டது. அவன் பிறந்தது வண்டிப்பெரியாறு தேயிலை எஸ்டேட்டில். தொழிலாளர் லயத்து வீட்டில் கோழி வளர்த்திருக்கிறார்கள்; மாடு கிடையாது. ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் எழுதி வைத்திருந்தான். வால் குட்டை, நெற்றியில் சுழி, இடக்கொம்பு வளைசல், கொம்பில் என்ன நிறம் என்று. அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள்.

"மாட்டோட மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா தம்பி?" என்றார்கள்.

அவனுக்குத் தெரியாது. ஆனால் நுரையும் துடிப்பும் அவனுக்குத் தெரியும். ஏழாவது படிக்கும்போது, எஸ்டேட்டில் அப்பாவோடு மருந்தடித்துக்கொண்டிருந்த ஒருவர் தேயிலைச் செடிக்கு நடுவே விழுந்து கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான். வாயில் நுரை, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. கன்றைப் பார்த்ததும் அந்த ஆள்தான் நினைவில் வந்தார். வந்தவர் போகவே இல்லை.

புத்தகத்தைப் புரட்டினான். பூச்சிமருந்து விஷமானால் நுரை வரும், தசை துடிக்கும் என்று போட்டிருந்தது. கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும் என்றும் போட்டிருந்தது. இந்தக் கன்றின் கண்மணி சுருங்கவில்லை, அகலமாகவே திறந்திருந்தது. நோட்டில் 'சந்தேகம்' என்று ஓரமாகக் கிறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை சொசைட்டி வாசலில் தூக்குப்போசியோடு நின்ற கூட்டத்துக்கு முன்னால் குப்பண்ணன் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, கன்னுகளுக்கு என்னதானுங்க வந்துச்சு? படிச்சவுக நீங்கதான் சொல்லோணும்."

எல்லாருடைய கண்ணும் தன் மேல் இருந்தது. தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"பூச்சிமருந்துங்க. வாய்க்கால் தண்ணியிலதான் கலந்திருக்கணும். இனிமே யாரும் வாய்க்காலுக்கு மாட்ட ஓட்டாதீங்க. கட்டுத்தறியிலேயே கட்டி, கிணத்துத் தண்ணி காட்டுங்க."

யார் பெயரையும் அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பம்பை முதுகில் மாட்டிக் கூலிக்கு மருந்தடிக்கிறவர் அந்தச் சாளையில் ஒரே ஆள், அழகுமலை. வேலை முடிந்ததும் பம்பை வாய்க்காலில்தான் கழுவுவார். அவரும் வண்டிப்பெரியாற்றுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தவர். வாய்க்கால் மேட்டில் குடிசை போட்டு, மனைவி மாரித்தாயோடு நாலு வருஷமாக இருந்தார். சோலை வந்த முதல் நாளே பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "ஏலே, நம்ம ஊர்ப் பயலால்ல இருக்க" என்று அவனைக் கூட்டிப்போய்க் கருப்பட்டிக் காப்பி கொடுத்தவர்.

அன்று பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சோலை சொசைட்டியில் பால்கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். வாய்க்கால் பக்கம் சத்தம் கேட்டு ஓடினபோது பம்பு நசுங்கிக் கிடந்தது. அழகுமலை வலக்கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. மாரித்தாய் கத்திக்கொண்டிருந்தாள். அழகுமலை கத்தவில்லை, சோலையைப் பார்த்தார்.

"நீயாலே சொன்ன?"

குப்பண்ணன் சோலை தோளில் கை போட்டு, "தம்பி நீங்க வாங்க, இதையெல்லாம் நீங்க பாக்க வேண்டாம்" என்று நகர்த்திக்கொண்டு போனார். அவனும் நகர்ந்தான்.

அதற்குப் பிறகு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீடு வீடாகப் போனான். கணக்கைச் சுத்தமாக எழுத உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். வாய்க்கால் ஓரத்தில் ஆறு வீடு. அதில் ஐந்தில் கன்றுக்கு நோய். ஆறாவது ஆறுமுகசாமி வீடு; அங்கே மூன்று கன்றும் துள்ளிக்கொண்டிருந்தன. நோய் கண்ட இன்னொரு கன்று குப்பண்ணனின் அக்கா முத்தாத்தாள் வீட்டில். அது மேட்டுப் பக்கம்; சொந்தக் கிணறு; மாடு வாய்க்காலை எட்டிப் பார்த்ததே கிடையாது என்று அந்த அம்மா சொன்னார். கட்டியிருந்த கன்று அறுத்துக்கொண்டு ஓடித் தண்ணீர் குடித்திருக்கலாம், அந்த அம்மாவுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம் என்று சோலை தனக்குள் சொல்லிக்கொண்டான். அந்த இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு மற்றதைப் புதுத் தாளில் எழுதினான். எழுதி முடித்ததும் கணக்கு கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

மாடுகளைக் கட்டுத்தறியிலேயே கட்டிக் கிணற்றுத் தண்ணீர் காட்டினார்கள். நாலாம் நாள் அதே வீடுகளில் இன்னும் இரண்டு கன்று புதிதாகச் சுற்ற ஆரம்பித்தன. ஏற்கெனவே படுத்திருந்த ஒன்று செத்தது.

வாய்க்காலை நிறுத்தியும் நோய் நிற்கவில்லையென்றால் வாய்க்கால் காரணமில்லையோ என்று யாரும் கேட்கவில்லை. "கெணத்துலயும் கலக்கிப்போட்டானாட்ட இருக்குது" என்றார் குப்பண்ணன். ஒரு கணம், இருக்கலாமோ என்று சோலைக்கே தோன்றியது. அன்று மத்தியானம் அழகுமலையும் மாரித்தாயும் தலைச்சுமையோடு ரோட்டில் நடந்து போவதைப் பார்த்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். குடிசையில் யாரோ நெருப்பு வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் பாலக்காட்டிலிருந்து ஜீப் வந்தது. மிருகாஸ்பத்திரிக் கம்பவுண்டர் தந்தி கொடுத்திருந்தார். இறங்கியது ஒரு பெண். நோய் ஆய்வு டாக்டர் மயிலாத்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சித்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் என்று கம்பவுண்டர் சொன்னார். ரப்பர் பூட்ஸுக்குள் சேலைக் கொசுவத்தைச் செருகியிருந்தார்.

சோலை தாளை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"கன்னு வாய்க்குள்ள கைய உட்டது யாரு?"

"நான்தான் மேடம். தொண்டையில எதுவும் அடைச்சிருக்கான்னு பாத்தேன்."

"கையில காயம்?"

நகக்கண்ணில் ஒரு கீறல் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு முகம் மாறாமல், "சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு. அப்பொறம் என் கூட ஆசுபத்திரிக்கு வா. வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கோணும்" என்றார்.

அதைப் பற்றி அவன் யோசித்திருக்கவே இல்லை. முழங்கை வரை சோப்புத் தேய்த்தான்.

"வெறிநோயா மேடம்?"

"போன வருஷம் இதே மாதிரி ரெண்டு மாட்டப் பாத்தேன், வெறிநோய்தான். அதனாலதான் இப்பவும் அதே ஞாபகம் வருது. அதுக்காகவே என்னை நான் நம்பறதில்ல. மூளையை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்." பிறகு திரும்பிக் கேட்டார். "மருந்தடிக்கறவரு என்ன சொல்றாரு?"

"அவரு ஓடிட்டாருங்க மேடம்."

"ஓடினாரா, தொரத்துனீங்களா?"

அவன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

அவர் செத்த கன்றை அறுத்து மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் எடுத்தார். வாய்க்கால் தண்ணீரிலும் மூன்று கிணற்றிலும் சீசா நிரப்பினார். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். சோலைக்குத் தொப்புளைச் சுற்றித் தினம் ஓர் ஊசி. மூன்று நாள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தான். தண்ணீரைக் கண்டால் பயம் வருகிறதா என்று தம்ளரை வாயருகே கொண்டு போய்ப் பார்த்தான். நின்றால் அழகுமலையின் விரல்கள் நினைவுக்கு வந்தன. அதனால் நடந்தான்.

நாலாம் நாள் டாக்டர் திரும்பி வந்தார். "வெறிநோய் இல்ல" என்றார். ஏதோ கையில் கிடைத்த மாதிரி சொன்னார். தான் நினைத்தது பொய்த்துப் போனதில் ஒருத்தருக்கு என்ன சந்தோஷம் என்று சோலைக்குப் புரியவில்லை. "ஊசி போதும். வா, வேலையிருக்குது" என்று அவர் நடந்தார்.

சொசைட்டி வாசலில் கூட்டம் சேர்ந்தது. "கண்டுபுடிச்சாச்சுங்களா?" என்றார் குப்பண்ணன்.

"இன்னும் எனக்குத் தெரியலீங்க."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "படிக்கற பையன் ஒரே நாள்ல சொல்லிப்போட்டான். டாக்டரம்மாவுக்குத் தெரியலியாமா."

சோலைக்குக் காது சுட்டது. அந்த அம்மா அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று கோபம் வந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் ஒன்றும் நடக்காத மாதிரி, "நல்லா இருக்கற கன்னுகளக் காட்டுங்க" என்றார்.

"சீக்குப் புடிச்சதைத்தானுங்களே பாக்கோணும்?"

"அதையும் பாப்பங்க. நல்லா இருக்கறது ஏன் நல்லா இருக்குதுன்னு தெரியோணுமில்லீங்க."

சாயங்காலம் வரைக்கும் ஏறி இறங்கினார்கள். வைக்கோல் போரை உருவிப் பார்த்தார். புண்ணாக்கைக் கிள்ளி மோந்தார். வேலியில் இருந்த செடி ஒவ்வொன்றையும் பறித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. களத்து மேட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சோலையிடம் கை நீட்டினார். அவன் சுத்தமாக எழுதிய தாளைக் கொடுத்தான். அதை ஒரு முறை படித்தார்.

"ரொம்ப அழகா இருக்குது. கட்டுத்தறியில நின்னு எழுதுன நோட்டு எங்க?"

"அது ஒரே கிறுக்கலுங்க மேடம். அதுல இருந்துதான் இது."

"அதக் குடு."

அவன் கொடுக்கவில்லை. அவரும் கையை மடக்கவில்லை. கடைசியில் அவனாகவே சொன்னான். "ரெண்டு வீடு சேரலைங்க. ஆறுமுகசாமி வீடு வாய்க்கால் ஓரந்தான், ஆனா நோய் இல்ல. முத்தாத்தாளம்மா வீடு மேட்டுல, ஆனா நோய் இருக்கு. அதனால அத ரெண்டையும் விட்டுட்டேன். கண்மணியும் சுருங்கல. அதையும் எழுதல."

சொல்லி முடித்ததும் திட்டு விழும் என்று நின்றான். அவர் திட்டவில்லை.

"அந்த ரெண்டு வீடும் இந்தத் தாள்ல இருந்திருந்தா, ஒரு ஆளு இன்னிக்கு ஊட்டுல இருந்திருப்பாரு" என்று மட்டும் சொன்னார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். "போயி எல்லாத்தையும் மறுபடி எழுதிக் கொண்டா. சேரறது, சேராதது, ஒன்னையும் உடாத. காலையில வர்றேன்."

குப்பண்ணன் வீட்டு அறையில், வெளிச்சம் இருக்கும்போதே சோலை எழுத உட்கார்ந்தான். ஒவ்வொரு மாடாக, ஒவ்வொரு கட்டமாக எழுதினான். வால் குட்டை, கொம்பு சிவப்பு, கன்றுக்கு நோய். நெற்றியில் சுழி, கொம்பு நீலம், நோய் இல்லை. இடக்கொம்பு வளைசல், கொம்பு சிவப்பு, நோய். ஆறுமுகசாமி வீட்டு மாடு, கொம்பு நீலம், நோய் இல்லை. முத்தாத்தாள் வீட்டு மாடு, கொம்பு சிவப்பு...

பேனா நின்றது.

எழுந்துவிட்டான். சொசைட்டியில் அந்நேரம் சாயங்காலப் பால் ஊற்றிக்கொண்டிருப்பார்கள், எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். ஓடிப் போய்ச் சொல்லலாம். வாசல் வரை ஓடினான். அங்கே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சு அடித்துக்கொண்டது. போன தடவையும் இப்படித்தான் அடித்துக்கொண்டது.

சொசைட்டிக்குப் போகவில்லை. எதிர்த் திசையில் திரும்பினான். சிவப்புக் கொம்பு இருந்தும் கன்று நன்றாக இருக்கிற வீடு எங்காவது இருக்கிறதா என்று தேடிப் போனான். இருக்கக் கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டது; இருக்கட்டும் என்று கால் நடந்தது. பட்டிப் பொங்கலுக்கு, மாட்டுப் பொங்கலன்று, அடித்த பெயிண்டு ஒரு மாதம் கழித்தும் கொம்புகளில் அப்படியே இருந்தது. பதினோரு வீடு பார்த்தான். பன்னிரண்டாவது, குப்பண்ணனின் பங்காளி அப்புசாமி வீடு. மாட்டுக்குக் கொம்பு நல்ல சிவப்பு. பக்கத்தில் கன்று தாய் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை.

எல்லாம் போயிற்று என்று தோன்றியது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"என்னுங்க தம்பி, தண்ணி கிண்ணி வேணுமா?" என்று அப்புசாமி கேட்டார்.

"கொம்புக்குப் பெயிண்டு எங்க வாங்குனீங்க?"

"வாங்குல தம்பி. குப்பண்ணன் ஒரு டின்னு கொண்டாந்தாரு. பாலம் வேலை நடந்த எடத்துல மிச்சமாம். சொந்தக்காரங்க எல்லாரும் பிரிச்சுக்கிட்டோம். ஆறுமுகசாமிகூட அவருக்குப் பேச்சுவார்த்தை இல்ல பாருங்க, அவனும் இன்னுஞ்சில பேரும் பொள்ளாச்சியில நீலம் வாங்கியாந்தாங்க."

"கொம்புக்கு அடிச்சது போக மிச்சத்த என்ன செஞ்சீங்க?"

"நான் குப்பண்ணங்கிட்டயே திருப்பிக் குடுத்துப்போட்டேன். மத்தவங்கெல்லாம் தொட்டிக்கு அடிச்சாங்க. துருப் புடிக்காதுன்னு."

சோலை திரும்பிப் பார்த்தான். அப்புசாமி வீட்டுக் கட்டுத்தறியில் கிடந்தது கருங்கல் தொட்டி. நோய் கண்ட வீடுகளில் எல்லாம் தார்ப் பீப்பாயை இரண்டாக வெட்டி வைத்த இரும்புத் தொட்டி. அவன் தினமும் பார்த்தவைதான். உள்ளும் புறமும் சிவப்பு. கன்றுகள் நக்கி நக்கி விளிம்பெல்லாம் இரும்பு தெரிந்தது. வாய்க்காலுக்குப் போகாதே, கட்டுத்தறியிலேயே கட்டு, தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்று என்று ஊருக்குச் சொன்னது அவன்தான்.

காலையில் டாக்டர் ஜீப்பை விட்டு இறங்குமுன் சொல்லிவிட்டான். ஆறு வீடு சேர்ந்ததையும், ஏழாவதான அப்புசாமி வீடு சேராததையும், அது ஏன் சேரவில்லை என்பதையும் சொன்னான். டாக்டர் தன் நெற்றியில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டார்.

"எங்கூட்டுலயும் வருஷா வருஷம் கொம்புக்கு அடிக்கறதுதான். வந்த ரெண்டு நாளும் இந்தச் சிவப்பு என் கண்ணு முன்னாலயே நின்னுட்டு இருந்திருக்குது. நான் வேலியில செடி பறிச்சுட்டு இருந்திருக்கறேன்." அவருடைய முகத்தில் வெட்கம் தெரிந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

மிருகாஸ்பத்திரி மேஜையில் ஐந்து சீசா வைத்தார். சிவப்பை மட்டும் போட்டுப் பார்த்தால் போதுமே என்றான் சோலை. "நீலத்தையும் போடு. துருவையும் போடு. வெறும் அமிலத்தையும் வை" என்றார் டாக்டர். பெயிண்டுச் சுரண்டலை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, வடிகட்டி, அயோடைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நீலத்தில் ஒன்றும் இல்லை. துருவில் இல்லை. வெறும் அமிலத்தில் இல்லை. கொம்புச் சிவப்பும் தொட்டிச் சிவப்பும் மஞ்சள்தூள் கொட்டினது மாதிரி பளீரென்று மஞ்சளாயின. காரீயம். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பாலங்களுக்கு அடிக்கிற பெயிண்டு. கன்றுக்குக் கண் போகும், மூளை கலங்கும், சுற்றிச் சுற்றிச் சாகும்.

"செத்த கன்னோட சிறுநீரகத்துலயும் காரீயம் இருக்கோணும். அது வந்தாத்தான் முடிஞ்சுது" என்றார் டாக்டர். ஆனால் அதற்காகக் காத்திருக்கவில்லை. தொட்டிகளை அப்போதே அப்புறப்படுத்தச் சொல்லி, பேதி உப்பைக் கரைத்துக் கன்றுகளுக்கு ஊற்றச் சொல்லி, ஊசிமருந்துக்குப் பாலக்காட்டுக்கு ஆள் அனுப்பினார்.

குப்பண்ணன் கேட்டுக்கொண்டு நின்றார். தான் கொண்டுவந்த டின் என்றதும் திரும்பி நடந்தார். தன் வீட்டுத் தொட்டியைத் தனி ஆளாக உருட்டிக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் கவிழ்த்தார். அக்கா வீட்டுத் தொட்டியையும் அவரே உருட்டினார். வேட்டியெல்லாம் சிவப்பாயிற்று.

ஐந்து நாள் கழித்துச் சிறுநீரக முடிவும் தண்ணீர் முடிவும் சேர்ந்து வந்தன. சிறுநீரகத்தில் காரீயம் இருந்தது. வாய்க்காலிலும் கிணறுகளிலும் பூச்சிமருந்து இல்லை. நோய் கண்ட எட்டுக் கன்றில் மூன்று பிழைத்தன. அதில் ஒன்றுக்குக் கண் வரவே இல்லை.

அன்று காலைப் பால் நேரத்தில் சோலை சொசைட்டிப் படியில் ஏறி நின்றான். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வாய்க்கால்ல விஷம் இல்ல. எனக்குத் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். கட்டி வையுங்கன்னு சொன்னதால இன்னும் ரெண்டு கன்னுக்குச் சீக்கு வந்தது. அழகுமலையண்ணன் ஒன்னும் செய்யல" என்றான்.

கூட்டத்தில் ஒரு கிழவர், "இருந்தாலும் மருந்து மருந்துதானே தம்பி. அவன் கழுவுனது நெசந்தானே" என்றார். யாரும் அவரை மறுக்கவில்லை. சோலைக்கு அது அடி வாங்கின மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலந்தாவளம் மாட்டுச் சந்தை. அழகுமலை அங்கே மாட்டுக்குக் கயிறு பிடிக்கிற கூலி வேலைக்கு நிற்பதாகக் கம்பவுண்டர் சொல்லியிருந்தார். சோலை முதல் பஸ்ஸில் போனான். தூசியும் சாணியும் தரகர்களின் கூச்சலுமாக இருந்த கூட்டத்தில் அரை மணி நேரம் தேடினான். அழகுமலை புளியமரத்தடியில் நின்றார். வலக்கையில் அழுக்குக் கட்டு. இடக்கையில் கயிறு இல்லை. அவரிடம் யாரும் கயிறு கொடுக்கவில்லை.

சோலை எல்லாவற்றையும் சொன்னான். பெயிண்டு, தொட்டி, சீசா, மஞ்சள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியால?" என்றார் கடைசியில்.

"இல்லண்ணே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாசர் கிழிஞ்சு பம்பு இந்த ஊர்க் கடையில பதினஞ்சு நாளு கெடந்துச்சு. அந்தப் பதினஞ்சு நாளும் நான் மருந்தே தொடல. அது வந்த மறுநாத்தான் அடிச்சு நொறுக்குனானுவ." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இப்ப இத வச்சி பம்பு லிவர் அடிக்க முடியுமா? மாட்டுப் பக்கம் போனா, வெசம் வச்சவன் வாறான்னு கயித்தப் புடுங்கிக்கிடுதானுவ."

"நான் சொல்லுதேன்" என்றான் சோலை. வீட்டுப் பேச்சு தானாக வந்தது.

தரகர் தரகராகப் போனான். முதல் ஆள் காது கொடுக்கவில்லை. இரண்டாவது ஆள், "நீ யாரு இத சொல்றதுக்கு?" என்றார். "அவரு வெசம் வச்சாருன்னு மொதல்ல சொன்னது நான்தாங்க" என்றான். அந்த ஆள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டிருந்த மாட்டை விட்டு நின்று கேட்டார். அப்படியே பதினேழு பேரிடம் சொன்னான். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. ஒருவர் ஒரு ஜோடி எருதை வண்டியில் ஏற்ற அழகுமலையைக் கூப்பிட்டார். ஒருவர்தான்.

"ஊருக்கே போகப் போறோம்" என்று மரத்தடியில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த மாரித்தாய் சொன்னாள். "அங்க என் அண்ணன் இருக்கான். இங்க இருந்து அங்க பேச்சு வராம இருக்கணுமே."

"ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றார் அழகுமலை. "கவர்மெண்டுச் சீல் போட்டு. யாராவது கேட்டாக் காட்டுவேன்."

சோலை அன்று பஸ்ஸுக்கு ஓடவில்லை. முதலில் அந்தப் பம்பு ரிப்பேர்க் கடையைத் தேடிப் போனான். கடைக்காரரிடம் தேதியைக் கேட்டு, பம்பு வந்த நாளும் போன நாளும் நோட்டில் எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கினான். பிறகுதான் பாலக்காட்டுக்குப் போய் டாக்டர் மயிலாத்தாள் மேஜை மேல் தாளை வைத்தான். 'இந்த நோய்க்கு அழகுமலை எவ்விதத்திலும் காரணம் அல்ல' என்று எழுதியிருந்தான்.

அவர் படித்துவிட்டுப் பேனாவால் 'எவ்விதத்திலும்' என்ற சொல்லின் மேல் தட்டினார். "கன்னுகளோட திசுவில காரீயம் இருந்துது. பாத்த தண்ணியில பூச்சிமருந்து இல்ல. நம்மால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான், சோலை. அதுக்கு மேல எப்படி எழுதறது?"

"அப்படி எழுதுனா அவருக்கு யாரும் கயிறு குடுக்க மாட்டாங்க மேடம்." அவன் குரல் உயர்ந்தது. உயர்ந்ததை அவனே கேட்டான், ஆனாலும் நிறுத்தவில்லை. "தண்ணி முடிவு வந்துருச்சு. சிறுநீரக முடிவு வந்துருச்சு. பம்பு கடையில கெடந்த தேதிய நான் போய்ப் பாத்துட்டு வந்தேன், கையெழுத்து இருக்கு. இதுக்கு மேல இன்னும் எத பாக்கணும்னு சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வாறேன். ஒன்னும் இல்லேன்னா, காரணம் இல்லேன்னு எழுதுங்க."

அவர் கடைக்காரரின் தேதியைப் படித்தார். முதல் கன்று நோய்கண்ட தேதியைத் தன் குறிப்பில் தேடிப் பக்கத்தில் வைத்தார். விரலால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டு போனார். வெளியே ஜீப் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவர் நிமிரவில்லை.

"பாக்க வேற ஒன்னும் இல்ல" என்றார். கையெழுத்துப் போட்டு, சீலை மையில் அழுத்தி இரண்டு இடத்தில் வைத்தார்.

அடுத்த நாள் பஸ் ஸ்டாண்டில் அழகுமலைக்கு அதைப் படித்துக் காட்டினான். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். தன் பெயர் வந்த இடத்தை விரலால் காட்டச் சொன்னார், காட்டினான். மாரித்தாய் தாளை வாங்கிப் பழைய பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்தாள். அழகுமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் சோலை நின்றதைப் பார்த்தார், பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க அவன் வைத்திருந்த வார்த்தைகள் பஸ் கிளம்பும் சத்தத்தில் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. பஸ் வளைவில் திரும்பிய பிறகும் அவன் அங்கேயே இங்கும் அங்குமாக நடந்துகொண்டிருந்தான். மீனாட்சிபுரம் போகிற பஸ் வந்ததும், கண் தெரியாத கன்றுக்கு மத்தியான ஊசி போட வேண்டும் என்பது ஞாபகம் வந்து, ஓடிப்போய் ஏறினான்.